தேர் ஓடாத வருடத்தில் பாலக்காடு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கொரோனா காலத்தில் பாலக்காட்டுத் தமிழர்களின் விழாக்களும் கலைகளும் என்ன ஆயின என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இதற்காக அந்த இரண்டு வருடத்துச் செய்தித் துணுக்குகளை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். விழா ரத்து, சடங்குகள் மட்டும், பக்தர்களுக்கு அனுமதி இல்லை. திரும்பத் திரும்ப இதேதான். ரத்தானது உண்மை, அப்படிச் செய்ததும் சரிதான், உயிர் முக்கியம். ஆனால் அந்த விழாவை நம்பி யார் யார் இருந்தார்கள், தேர் ஓடாத மாதத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று பெரும்பாலும் யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் செய்தி. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

பாலக்காட்டுத் தமிழர் என்றதும் கல்பாத்தி அக்ரஹாரத்தை மட்டும் நினைக்கிறவர்கள் நிறையப் பேர். நகரத்தை விட்டு கிழக்கே வாருங்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டி எத்தனை ஊர்கள், எத்தனை விதமான தமிழ்! தென்னந்தோப்பு வைத்திருக்கும் கவுண்டர் குடும்பங்கள், நெசவுத் தெருக்கள், நகரத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ராவுத்தர் வீடுகள், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள், தமிழ்த் துறை வைத்திருக்கும் சித்தூர் அரசுக் கல்லூரி. இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. வாழ்க்கையில் பாதி இங்கே, பாதி கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும். பூவும் கல்யாணப் புடவையும் அங்கிருந்து வரும், நாயன செட் அங்கிருந்து வரும், சமையல்காரர் வருவார், சமயத்தில் மாப்பிள்ளையே அங்கிருந்துதான் வருவார். 1956 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்து வந்தது என்பதெல்லாம் நாங்கள் பாடத்தில் படித்தவை. அன்றாட வாழ்க்கையில் மாநில எல்லைக் கோடு எங்கள் காலில் தட்டியதே இல்லை.

தட்டியது 2020ல்தான். இந்தியாவின் முதல் தொற்று கேரளத்தில், பக்கத்து மாவட்டமான திருச்சூரில், அந்த வருடம் ஜனவரி 30ம் தேதி உறுதியானது. மார்ச் கடைசியில் நாடே அடைபட்டது, அது எல்லா ஊருக்கும் பொது. எங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூட்டு இருந்தது, கோயம்புத்தூர் சாலையில் உள்ள வாளையாறு எல்லைச் சோதனைச்சாவடி. இந்தப் பக்கம் வர கேரளத்தின் ஜாக்ரதா தளத்தில் பாஸ், அந்தப் பக்கம் போக தமிழ்நாட்டின் இ-பாஸ். மே மாதம் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வாளையாற்றில் வெயிலில் தவித்து நின்றதும், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து போகிறவர்களிடம் தமிழ்நாடு ஆர்டிபிசிஆர் சான்றோ இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ கேட்டது. பேருந்துகள் பழையபடி இரண்டு பக்கமும் ஓடியது 2021 டிசம்பரில். ஒன்றரை வருடத்துக்கும் மேலே. அதுவரைக்கும் எல்லை வரை ஒரு வண்டி, இறங்கி நடந்து அந்தப் பக்கம் போய் இன்னொரு வண்டி என்று துணிப்பையும் கைக்குழந்தையுமாக நடந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த 2020 ஏப்ரல் 14ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சித்திரை ஒன்று, விஷுவும் அன்றைக்கே. ஊரடங்கு மே 3 வரை நீள்கிறது என்ற அறிவிப்பும் அதே நாள் காலையில்தான் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பூத்த கொன்றையை மதில் மேலாகவே வாங்கிக் கணி வைத்தோம், கோயில் இல்லை, விஷுக் காசான கைநீட்டம் வாங்க வரும் பிள்ளைகள் இல்லை. அடுத்து நோன்பு மாதம். பள்ளிவாசல் கஞ்சி இல்லாத ஒரு நோன்பை எங்கள் ஊர் ராவுத்தர் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. பெருநாள் தொழுகையை வீட்டு முற்றத்திலேயே முடித்துக்கொண்டார்கள்.

சரி, தேருக்கு வருவோம். கல்பாத்தியில் ஐப்பசிக் கடைசி மூன்று நாள் தேர், நவம்பர் நடுவில் வரும். விசாலாட்சி சமேத விசுவநாதசுவாமி கோயில்தான் மூலம். புதிய கல்பாத்தி மந்தக்கரை கணபதி, பழைய கல்பாத்தி லட்சுமி நாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன கணபதி ஆகிய கோயில்களின் தேர்களும் கிளம்பி, மூன்றாம் நாள் சாயந்தரம் எல்லாம் ஓரிடத்தில் கூடும். முன்னால் ஜனங்கள் வடம் இழுக்க, பின்னால் யானை மண்டையைக் கொடுத்துத் தள்ளும், அந்தக் குறுகிய தெருவில் தேர் ஒரு திருப்பம் திரும்பும்போது வருகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மும்பை, டெல்லி, சென்னை, அமெரிக்கா என்று போய்விட்ட குடும்பங்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் தேருக்கு வந்துவிடும்.

2020 நவம்பரில் தேர் நகரவில்லை. கோயிலுக்குள் சடங்குகள் நடந்தன, அவ்வளவுதான். அடுத்த வருடம் கட்டுப்பாடுகளோடு நடந்தது. பழைய கூட்டம் தெருவுக்குத் திரும்பியது 2022ல்தான். செய்தி இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தெருவில் பத்து நாள் கடை போட்டு வளையலும் பொரியும் பொம்மையும் விற்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பலர் இந்த விழாவை முடித்து அடுத்த ஊர் விழாவுக்குப் போகிறவர்கள். கல்பாத்தி இல்லை என்றால் அதற்கு அடுத்ததும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. விழாக்கள் ஒன்றுக்கொன்று தொடுத்தவை, ஒரு கண்ணி விட்டால் முழுச் சங்கிலியும் போய்விடும் என்பதை அந்த வருடம்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு ஐம்பது பேர், சாவுக்கு இருபது பேர் என்று கணக்கு வந்தது. ஐம்பது பேரில் சொந்தமே அடங்காது, அப்புறம் மேளக்காரருக்கு எங்கே இடம்? எங்கள் பக்கத்துத் தவில்காரர் ஒருவர், சித்திரை வைகாசி முகூர்த்தத்துக்கு வாங்கிய முன்பணத்தை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். சில வீடுகளில் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள், பல வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கும் சம்பளம் இல்லாத காலம், குறை சொல்ல மாட்டேன். அவரோடு வாசிக்கும் நாயனக்காரர் இருந்தது பொள்ளாச்சிப் பக்கம். எல்லை அடைத்த பிறகு இருவரும் போனில் பேசிக்கொண்டதோடு சரி, சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வழியில்லை. கேரள அரசு கொடுத்த இலவச மளிகைக் கிட்டும் பஞ்சாயத்தின் சமுதாய அடுக்களையும் இருந்ததால் பட்டினி வரவில்லை, அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். ஆனால் கையில் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது அவரை உள்ளுக்குள் அரித்துவிட்டது.

பாலக்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெருவெம்பு என்று ஒரு ஊர். மிருதங்கம், செண்டை, மத்தளம், தபலா என்று தோல் வாத்தியங்கள் செய்யும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. மேடையில் வாசிக்கிறவர் பெயர் நமக்குத் தெரியும், பாலக்காடு மணி ஐயரின் மண் என்று பெருமையும் பேசுவோம். பலாமரத்தைக் குடைந்து, தோலைப் பதப்படுத்தி, வாரைப் பிடித்து இழுத்துக் கட்டிச் சுருதி சேர்த்துக் கொடுக்கிறவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? வாத்தியம் அடிபட்டால்தான் தோல் மாற்ற வரும். பூரம், வேலா என்ற கோயில் விழாக்களும் தேரும் கச்சேரியும் இல்லாத வருடத்தில் வாத்தியம் உறையை விட்டு வெளியே வரவில்லை, அப்புறம் இவர்களுக்கு வேலை எப்படி வரும்? 2020ல் திருச்சூர் பூரமே சடங்கோடு நின்றுபோனது என்று எல்லாரும் வருத்தப்பட்டோம். அந்த வருத்தத்தில் ஒரு கால் பங்காவது இந்தப் பட்டறைகளுக்குப் போயிருக்கலாம்.

இனி நான் சொல்லப்போவது என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது, தோல்பாவைக்கூத்து. பாரதப்புழைக் கரையில் பகவதி கோயில்களுக்கு வெளியே கூத்துமாடம் என்று தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள். நீளமான வெள்ளைத் திரை, அதற்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள், மான் தோலில் வெட்டிய பாவைகள். நடப்பது ராமாயணம், பாடுவது கம்பன் பாட்டு. ஆமாம் நேயர்களே, கேரளத்துக் காளி கோயில் வாசலில், ராத்திரி முழுக்க, கம்பனின் தமிழ். பாட்டுக்கு விளக்கம் சொல்லும்போது மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்து வரும். கூத்து நடத்துகிறவருக்குப் புலவர் என்று பட்டம். கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையைக் கோயில் வாசலிலிருந்து வெளிமேடைகளுக்கும் கொண்டுபோனார், அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கூத்து யாருக்காக என்று கேட்டால் பகவதிக்காக என்பார்கள். ராம ராவண யுத்தம் நடந்தபோது தேவி தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம், அதைப் பார்க்க முடியாமல் போனதாம், அதனால் அவளுக்குக் காட்டுவதற்கு வருடா வருடம் நடத்துகிறார்கள். எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. பல ராத்திரிகளில் நிஜமாகவே யாரும் இருக்க மாட்டார்கள், நானே ஒரு ஊரில் பின்னிரவில் காலி மைதானத்தின் முன் கும்பகர்ணன் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொரோனாவில் பார்வையாளர் வராதது இவர்களுக்குப் புதிது இல்லையே என்று சிலர் சொன்னார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்க ஆள் வராமல் இருப்பது வேறு, கோயிலே அடைபட்டுக் கிடப்பது வேறு. கூத்துக் காலம் ஏறக்குறைய ஜனவரியில் தொடங்கி மே வரை, 7 நாள், 14 நாள், 21 நாள் என்று கோயிலுக்குக் கோயில் மாறும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது அந்தக் காலத்தின் நடுவில். வழிபாடாகக் காசு வைக்கும் வீட்டுக்காரர்கள் வெளியே வர முடியவில்லை, கோயில் வருமானம் நின்றது, பள்ளிகளிலும் விழாக்களிலும் காட்டும் ஒரு மணி நேரக் கூத்துகளும் போயின. வருடத்துச் சம்பாத்தியம் முழுக்க அந்த ஐந்து மாதத்தில் அடங்கியிருக்கும் குடும்பங்களுக்கு அது என்ன அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் நடத்தலாமே என்று எல்லாரும் சொன்ன காலம் அது. நடத்தினார்கள், நல்லதுதான். சென்னையில் 2020 டிசம்பர் சீஸனே இணையத்துக்குப் போனது, மியூசிக் அகாடமி கூட அப்படித்தான் நடத்தியது, கல்பாத்தியில் உட்கார்ந்தபடி கேட்டோம். நம் சொந்தக்காரர்கள் இருக்கும் வெளிநாட்டு நகரங்களிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் லெஸ்டரில் பெல்கிரேவ் ரோட்டுத் தீபாவளிக் கூட்டத்தை அந்த வருடம் கூட்டவில்லை, நிகழ்ச்சிகளை இணையத்தில் காட்டினார்கள். சிங்கப்பூரில் 2021 தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையும் காவடியும் இல்லை, நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு போய், கோயிலில் தயாராக வைத்திருந்த பால்குடத்தைச் செலுத்தினார்கள். திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கலை 2021ல் அவரவர் வீட்டு வாசலிலேயே வைத்தார்கள். பக்தி எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. பேர் பெற்ற பாடகரும் கண்டுபிடித்துக்கொள்கிறார், அவருக்கு டிக்கெட் வாங்கி வீட்டிலிருந்தே கேட்க ஆள் உண்டு. பொரி விற்கிறவருக்கும் வாரைப் பிடித்து இழுக்கிறவருக்கும் தவில்காரருக்கும் எந்தத் தளத்தில் டிக்கெட்?

இணையம் பற்றி இன்னொன்று. 2020 ஜூன் 1ம் தேதி கேரளத்தில் விக்டர்ஸ் என்ற அரசுக் கல்விச் சேனல் வழியாகத் தொலைக்காட்சிப் பாடம் தொடங்கியது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கான பாடம் யூட்யூபில் வந்தது. டிவியில் ஓடினால் வீட்டில் எல்லாரும் பார்க்கலாம், யூட்யூபுக்குப் போனும் டேட்டாவும் வேண்டும், அந்தப் போன் அப்பாவோடு தோப்புக்குப் போய்விடும். அப்போதும் எல்லை ஊர் ஆசிரியர்கள் பலர் நோட்டுகளை எழுதி, நகலெடுத்து, சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பண்பாட்டுச் செய்தி என்று யாராவது ஒரு பட்டியல் போட்டால் அதில் முதலில் வைக்கவேண்டியது அந்த சைக்கிள்கள் என்பது என் கருத்து.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு வருடத்து அழைப்பிதழ், ரத்து அறிவிப்பு, வாளையாறு பாஸ், வீட்டு முற்றத்தில் எடுத்த கணிப்படம், வாட்ஸப்பில் வந்த நாயன வாசிப்பு, எதுவானாலும் உங்கள் போனிலோ மேசை டிராயரிலோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். வாசித்தவர், சமைத்தவர், கடை போட்டவர் பெயர் தெரிந்தால், அவர் சம்மதத்தோடு அதையும் சேர்த்து எழுதுங்கள். அருகில் உள்ள வாசகசாலைக்கோ கல்லூரித் தமிழ்த் துறைக்கோ ஒரு பிரதி கொடுங்கள். அடுத்த ஐப்பசித் தேருக்கு வரும்போது, பெருவெம்பு வரை ஒரு நடை போய்ப் பட்டறைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். வணக்கம்.