ஒரே கணினி, மூன்று பேர், மூன்று டெஸ்க்டாப்: எக்ஸ்ஆர்டிபி அமைப்பது எப்படி?

[திரை: ஒரு மானிட்டர், ஒரு லாப்டாப். லாப்டாப்பில் லாகின் ஆனதும் மானிட்டர் பூட்டிக்கொள்கிறது.]

கணினி முன்னால் ஒருவர் பாதி வேலையில் இருக்கிறார். அடுத்த அறையிலிருந்து இன்னொருவர் அதே அக்கவுன்டில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வருகிறார். அவ்வளவுதான், முன்னால் இருப்பவரின் திரை லாக் ஆகிவிடும். வேறு அக்கவுன்டில் வந்தால் கொஞ்சம் மரியாதை உண்டு: அனுமதிக்கலாமா என்று கேட்கும். 30 விநாடிக்குள் பதில் வராவிட்டால், இருப்பவரைத் துண்டித்து வந்தவரை உட்கார வைத்துவிடும்.

கணினிக்குத் திராணி இல்லாமல் இப்படி நடப்பதில்லை. விண்டோஸ் 10, 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பது லைசென்ஸ் போட்ட கட்டுப்பாடு. ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து உள்ளே வரும் வசதியே கிடையாது. இந்தப் பூட்டை உடைக்கும் கருவிகள் இணையத்தில் சுற்றுகின்றன. அவை லைசென்ஸை மீறுகின்றன. அதோடு, விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப்பை நடத்தும் டெர்ம்சர்வ் டிஎல்எல் கோப்பின் பதிப்பு மாறினால் வேலை செய்யாது. ஒரு விண்டோஸ் அப்டேட் போதும், எல்லோரும் வெளியே நிற்பார்கள். விண்டோஸ் சர்வர் வாங்கலாம். அதில் நிர்வாக வேலைக்கு 2 செஷன் (லாகின் ஆனவருக்குத் திறக்கும் டெஸ்க்டாப்) வரை இலவசம், அதற்கு மேல் ஆளுக்கோ கருவிக்கோ தனி லைசென்ஸ்.

இந்த வீடியோவில் உபுன்டு என்ற லினக்ஸ் வழி. லினக்ஸில் எத்தனை யூசர் இருந்தாலும் ஆளுக்கொரு டெஸ்க்டாப் கொடுக்கலாம். எக்ஸ்ஆர்டிபி என்ற இலவச மென்பொருள், விண்டோஸில் இருக்கும் அதே ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனுக்குப் பதில் சொல்லும்.

[திரை: டெர்மினல்]

சூடோ ஏபிடி இன்ஸ்டால் என்று அடித்து, எக்ஸ்ஆர்டிபி, எக்ஸ்எஃப்சிஇ4 இரண்டின் பெயரையும் சேருங்கள். உபுன்டுவோடு வரும் க்னோம் டெஸ்க்டாப் இருக்கும்போது, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் எதற்கு? ரிமோட் செஷனில் கிராபிக்ஸ் கார்டின் உதவி வழக்கமாகக் கிடைக்காது. படம் வரைவது முழுக்க பிராசசர் தலையில்தான் விழும். க்னோமின் அசைவுகளை மூன்று பேருக்கும் வரைந்து முடிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும்.

அடுத்து, எக்ஸ்ஆர்டிபி என்ற யூசரை எஸ்எஸ்எல்-செர்ட் குரூப்பில் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையென்றால் இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழின் சாவிக் கோப்பை எக்ஸ்ஆர்டிபியால் படிக்க முடியாது.

யூசர்களை உருவாக்க இன்னும் அவசரப்பட வேண்டாம். ஈடிசி ஃபோல்டருக்குள் ஸ்கெல் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் என்ற கோப்பை உருவாக்கி, உள்ளே ஒரே வரி: எக்ஸ்எஃப்சிஇ4-செஷன். ஸ்கெல்லில் இருப்பதெல்லாம் புது யூசரின் ஹோம் ஃபோல்டருக்குத் தானாகப் போய்ச் சேரும். இப்போது ஆட்யூசர் கட்டளையால் மூன்று பேரையும் சேருங்கள். ஏற்கெனவே இருக்கும் யூசர் என்றால் அந்தக் கோப்பை அவர் ஹோமில் கையால் வைக்க வேண்டும்.

ஃபயர்வாலில் டிசிபி போர்ட் 3389-ஐ உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ரவுட்டரில் இந்த போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பாட்கள் 3389-ஐத் தேடித்தான் அலைகின்றன. வெளியூரிலிருந்து வேலை செய்ய வேண்டுமா, வயர்கார்டு என்ற விபிஎன் போட்டு அதன் வழியாக வாருங்கள்.

[திரை: மூன்று லாப்டாப்களில் எக்ஸ்ஆர்டிபி லாகின் பெட்டி]

செஷன் என்ற இடத்தில் எக்ஸ்ஆர்க் இருக்கட்டும். பெயர், பாஸ்வேர்டு, ஓகே.

டெஸ்க்டாப்புக்குப் பதில் கறுப்புத் திரை, அல்லது ஒரு நொடி மின்னி மறைகிறதா? முதலில் அந்த எக்ஸ்செஷன் கோப்பு அவருடைய ஹோமில், அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சூடோ போட்டு உருவாக்கியிருந்தால் அது ரூட்டின், அதாவது நிர்வாகி யூசரின் சொத்து. அதுவும் சரி என்றால், அதே யூசர் கணினியின் சொந்தத் திரையிலும் லாகின் ஆகியிருக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு டெஸ்க்டாப் என்றால் பின்னணிச் சேவைகள் மோதிக்கொள்ளும். நேரில் உட்காருவதற்கு ஒரு யூசர், ரிமோட்டுக்கு வேறு யூசர் என்று பிரித்துவிடுங்கள், தொல்லை விட்டது. இன்னும் தீரவில்லை என்றால் வார் லாக் ஃபோல்டரில் எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேன் லாக்கைத் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள்.

[திரை: விண்டோவின் பெருக்கல் குறியை மவுஸ் க்ளிக் செய்கிறது]

இந்த க்ளிக்கைக் கவனியுங்கள். விண்டோவை மூடினால் இணைப்புதான் போகிறது, செஷன் போவதில்லை. திறந்து வைத்த பிரவுசரும் அதன் இருபது டேபும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், சௌகரியம்தான். ஆனால் யாருமே லாக்-அவுட் செய்யாவிட்டால் ராம் நிரம்பிப்போகும். மூன்று பேருக்கு 16 ஜிபி இருந்தால் நிம்மதி. 8 ஜிபி என்றால் பிரவுசர் விஷயத்தில் கைகட்டி இருக்க வேண்டும்.

இதற்கு ஈடிசி, எக்ஸ்ஆர்டிபி, செஸ்மேன் ஐஎன்ஐ கோப்பில் வழி உண்டு. கில்-டிஸ்கனெக்டட் என்பதை ட்ரூ ஆக்கி, டிஸ்கனெக்டட்-டைம்-லிமிட்டில் 3600 போடுங்கள். கணக்கு விநாடியில், துண்டித்து ஒரு மணி நேரத்தில் செஷன் மூடப்படும். சேவ் செய்யாத வேலையும் அதோடு போய்விடும், மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ஆர்க் செஷனில்தான் இது பலிக்கும்.

ஒருவர் பெயரில் இரண்டு செஷன் தெரிந்தால், இணைக்கும் கருவிகளில் நிறத்தின் ஆழத்தை (கலர் டெப்த்) பாருங்கள். லாப்டாப்பில் 32 பிட், மொபைலில் 16 பிட் என்று வந்தால் எக்ஸ்ஆர்டிபி இரண்டையும் வேறு வேறாக எண்ணி, மொபைலுக்குப் புது டெஸ்க்டாப் திறக்கும். பழையது எங்கே போச்சு என்று தேட வேண்டாம், இரண்டிலும் ஒரே பிட் வையுங்கள்.

சத்தம் தானாக வராது, அதற்குத் தனி மாட்யூல் வேண்டும். கணினியின் ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள். முன்னால் யாரும் இல்லை என்று அது தூங்கப் போனால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படுவார்கள், எழுப்பிவிட ஒருவர் எழுந்து போக வேண்டும்.