கடைசி அத்தியாயத்துச் சண்டை

(நூலக வாரத்தை ஒட்டிக் கோத்தகிரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மழை வலுத்துக்கொண்டிருக்கிறது, கரண்ட் எப்போது போகுமோ தெரியாது. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

உளவியல் திரில்லர் ஒன்றைப் பத்துப் பேர் படித்தால், பாதிக் கதை வரைக்கும் ஒற்றுமையாக இருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் எல்லாம் தலைகீழானதும் கட்சி பிரிந்துவிடும். ‘அபாரம்’ என்பார் ஒருவர். ‘இதுக்கா ராத்திரி பூரா கண்ணு முழிச்சேன்’ என்பார் இன்னொருவர். ‘ஐம்பதாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு’ என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். இவரை அவ்வளவாக நம்ப வேண்டாம். ஐம்பதாம் பக்கத்தில் இவர் நாலு பேரைச் சந்தேகப்பட்டிருப்பார், அதில் ஒருவர் மாட்டியிருப்பார்.

ஆளுக்கொரு ரசனை என்று சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கதை சொல்கிறவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதில்தான் தகராறு. வெகுநாள் தகராறு இது.

அகதா கிறிஸ்டி 1926-ல் எழுதிய ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’யை எடுத்துக்கொள்வோம். முடிவைச் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். யாரும் எழுந்திருக்கக் காணோம், சரி. ஊர் டாக்டர்தான் கதை சொல்கிறார், துப்பறிபவர் கூடவே போகிறார், கொலை செய்தவரும் அவரே. இது அழுகுணி ஆட்டம் என்று கோபப்பட்டவர்கள் அன்றைக்கே உண்டு. எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியது வாசகரின் பொறுப்பு என்று கிறிஸ்டிக்காகப் பேசினார் இன்னொரு துப்பறியும் கதை எழுத்தாளரான டாரதி சேயர்ஸ். ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், 1929-ல் பத்துக் கட்டளைகள் போட்டார். யாருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர அனுமதிக்கப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது முதல் கட்டளையிலேயே வந்துவிடுகிறது.

கிறிஸ்டி செய்த காரியத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கொலையாகப்போகிற அக்ராய்டுக்கு ஒரு கடிதம் அவர் அறைக்குள் வந்தது எட்டு நாற்பதுக்கு. டாக்டர் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு. கடிதம் இன்னும் படிக்கப்படவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி, செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று திரும்பிப் பார்க்கிறார். ஒரு பொய் கிடையாது. நடுவில் பத்து நிமிஷம் இருக்கிறதே என்று நாம்தான் கேட்கவில்லை. முதல் தடவை படிக்கும்போது, பொறுப்பான டாக்டர் என்று தோன்றும். மறுபடி படித்தால் அதே வரியில் முதுகு சில்லிடும். திருப்பம் நியாயமானதா என்று பார்க்க நான் கையாளும் சோதனை இந்த மறுவாசிப்புதான். பழைய வரிகள் தாக்குப்பிடித்தால் எழுத்தாளர் பக்கம். இல்லையென்றால் கண்விழித்தவர் பக்கம்.

நம் மலைப்பக்கத்து வாசகருக்கு மாத நாவல் பழக்கம் உண்டு. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினால் குஞ்சப்பனை வருவதற்குள் முதல் பிணம் விழ வேண்டும், கோத்தகிரியில் இறங்குவதற்குள் கொலையாளி மாட்ட வேண்டும். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், அத்தனை வளைவிலும் வாந்தி வராமல் படித்த தலைமுறை! அவருக்குத் திருப்பம் என்பது வாங்கிய டிக்கெட்டில் சேர்ந்தது, கேள்வி கேட்க மாட்டார். இன்றைய உளவியல் திரில்லரோ ஒரு பெண்ணின் மண்டைக்குள் நம்மை ஒரு வாரம் குடிவைக்கிறது. கடைசியில் ‘அவள் பார்த்ததெல்லாம் பிரமை’ என்றால், பழகிய ஆளைப் பறிகொடுத்த கோபம் வரத்தான் செய்யும்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ரசனை கெடுமா? சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லீவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இருவர் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்து, 2011-ல் ஆய்வை வெளியிட்டார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே சராசரியாகக் கூடுதலாக ரசித்திருக்கிறார்கள், திருப்பக் கதைகளைக்கூட. அரை மணி நேரச் சிறுகதைக்கு அது பொருந்தலாம். ஒரு வாரம் கூடவே வாழ்ந்த கதைக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை. அதனால் பக்கத்து சீட்டுக்காரரிடம் முடிவை உளறி வைக்காதீர்கள்.

அப்புறம், அதிகம் காதில் விழாத ஒரு கோபம். மனநல வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், நான் புகழ்ந்து கொடுத்த நாவலைத் திருப்பித் தரும்போது சொன்னார்: “மாத்திரை சாப்பிடுறவதான் கடைசியில கொலைகாரி. வேற ஆளே கிடைக்கலியா தம்பி? எங்க வார்டுக்கு வந்தவங்கள்ல அடி வாங்கினவங்கதான் அதிகம்.” அந்த நாவலை எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் ஒரு வரி இடிக்காது. என் சோதனையில் நூற்றுக்கு நூறு. அக்காவுக்கு இடித்தது வேறு இடத்தில், அங்கே என் சோதனை எட்டாது. இப்போதும் அதைப் பலருக்குச் சிபாரிசு செய்கிறேன், அக்கா சொன்னதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன். முடிவைப் பாதி உடைத்த மாதிரி ஆகிவிடுகிறது என்று அதற்கும் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.