வண்டியே வீடாக இருக்கும்போது வரும் பழுதுகள்

நேயர்களுக்கு வணக்கம். ஆர்.வி. என்று சொல்கிற வீட்டு வண்டியிலேயே வருடம் முழுவதும் வாழ்கிறவர்களுக்கு, எதிர்பாராத பழுதுகளை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

விடுமுறைக்காக இந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பழுது வந்தால் பயணம் கெட்டது, அவ்வளவுதான். பூட்டிவிட்டு வீடு திரும்பலாம். அதிலேயே குடியிருப்பவருக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. படுக்கை, அடுப்பு, மருந்து, பிள்ளைகளின் பாடப்புத்தகம், வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்த அந்த நிமிடமே குடும்பம் தெருவில் நிற்கிறது. அதனால் எப்படிச் சரிசெய்வது என்று யோசிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று ராத்திரி இதில் படுக்க முடியுமா?

முடியவே முடியாது என்று சொல்ல வேண்டிய நேரம் ஒன்று உண்டு. கேஸ் வாடை வந்தால், அல்லது கேஸ் அலாரமோ, கார்பன் மோனாக்சைடு என்கிற வாடையே இல்லாத நச்சு வாயுவைக் காட்டும் அலாரமோ அலறினால், எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. வெளியே இருக்கும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, தள்ளி நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள். சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோரமாகத் தேங்கும். கேஸ் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் பொருத்தியிருப்பதும் அதனால்தான். அந்த அலாரங்களுக்கு ஆயுள் உண்டு. மாதிரியைப் பொறுத்து ஐந்து முதல் பத்து வருடம் வரை. காலாவதித் தேதி பெரும்பாலும் பின்பக்கமே இருக்கும். இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரேக், சக்கரம், டயர் இவற்றில் கோளாறு என்றால் படுக்கலாம், ஆனால் ஓட்டக் கூடாது. மற்றபடி பெரும்பாலான பழுதுகளில் இன்றைய ராத்திரியை உள்ளேயே கழித்துவிடலாம். இது தெரிந்துவிட்டாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும். இருட்டில், மழையில் கூரைமேல் ஏறுகிற அவசரம் இருக்காது. கணவனும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதும் குறையும்.

அடுத்தது மின்சாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகக் குடிவந்தவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். குளிர்கால ராத்திரி ஒன்றில் ஹீட்டர் பற்றவில்லை, ஃபிரிட்ஜின் விளக்கு மினுக்கி மினுக்கி அணைகிறது, தண்ணீர் பம்ப் முனகுகிறது. மூன்று பொருளும் ஒரே நாளில் கெட்டுவிட்டதே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டது ஒன்றுதான். ஹீட்டர் எரிவது கேஸில் என்றாலும் அதன் விசிறி ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். காற்று போதிய வேகத்தில் வீசினால்தான் உள்ளே இருக்கும் ஒரு சிறிய சுவிட்ச் மூடிக்கொள்ளும். அது மூடினால்தான் கேஸ் திறக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் விசிறி சோம்பலாகச் சுற்றும், சுவிட்ச் மூடாது, ஹீட்டர் பற்றாது. கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜும் அப்படித்தான். அதன் கட்டுப்பாட்டு போர்டுக்கு அதே 12 வோல்ட் வேண்டும்.

ஆகவே, எது நின்றாலும் முதலில் கையில் எடுக்க வேண்டியது வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டர். லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், கொஞ்ச நேரம் ஓய்வாக இருந்த பிறகு, 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 12.2க்குப் பக்கம் வந்துவிட்டால் ஏறக்குறைய பாதி காலி. லித்தியம் பேட்டரியில் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் காலியாகும் தறுவாய் வரைக்கும் அதன் வோல்டேஜ் பெரிதாக இறங்காது. அதோடு, சாதாரண லித்தியம் பேட்டரிகளைச் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அளவு சரியாக இருந்தால் ஃபியூஸ்களைப் பாருங்கள், பிறகு பேட்டரி முனைகளின் துருவையும், சட்டத்தோடு இணைகிற எர்த் வயரையும் பாருங்கள். ஓடுகிற வண்டி நாள் முழுக்கக் குலுங்குகிறது. எந்தத் திருகும் தளரலாம். புதிய ஹீட்டர் வாங்கக் கிளம்பியவர்கள் ஒரு வயரை இறுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் அப்படிச் சத்தம் போடாது, அதுதான் அதன் ஆபத்து. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் தானாக ஒரு நொடி ஓடி ஓடி நிற்கிறதென்றால், பெரும்பாலும் எங்கோ கசிகிறது. பம்பை அணைத்துவிட்டு, டார்ச்சோடு சிங்குக்கு அடியிலும் கழிப்பறைப் பக்கமும் தேடுங்கள். அதைவிட மோசம் மேலிருந்து இறங்குகிற மழைநீர். காற்றுப்போக்கி, மேல் ஜன்னல், ஏசி இவற்றைச் சுற்றி இடுக்கை அடைத்திருக்கும் பசையான சீலன்ட் வெயிலில் வெடிக்கும், நீர் உள்ளே போய் மரச்சட்டத்தை மாதக்கணக்கில் ஊறவைக்கும். சுவரில் கையை அழுத்தினால் அமுங்குகிறதா, வெளிப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்க்க வேண்டும். விரிசல் தெரிந்தால் கையில் இருக்கும் சாதாரண சிலிகானைப் பூசிவிடாதீர்கள். பின்னால் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் சரியான சீலன்ட் போட முடியும். தற்காலிகத்துக்குக் கூரைக்கென்றே விற்கிற ஒட்டுப்பட்டை ஒரு சுருள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

சில வண்டிகளில், நிறுத்திய பிறகு இடத்தைக் கூட்ட ஓர் அறைப்பகுதியை வெளியே நீட்டிக்கொள்ளலாம். அப்படி நீட்டியது உள்ளே போக மறுப்பது இன்னொரு தொல்லை. அது நீட்டியபடி இருந்தால் வண்டியை நகர்த்தவே முடியாது. பெரும்பாலான வண்டிகளில் கையால் சுற்றியோ, மோட்டாரை விடுவித்துத் தள்ளியோ உள்ளே கொண்டுவர வழி வைத்திருப்பார்கள். ஆனால் அந்த இடம் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி. வண்டி நன்றாக இருக்கும் ஒரு பகலில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஒருமுறை செய்தும் பார்த்துவிடுங்கள்.

இப்படி முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை இன்னும் சில. ஹீட்டர், ஃபிரிட்ஜ், பம்ப் என்று ஒவ்வொன்றின் மாடல் எண் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். உதிரி பாகம் ஆர்டர் செய்யும்போது இது இல்லாமல்தான் நாள்கள் வீணாகின்றன. அப்புறம், நிலையான முகவரி இல்லாதவருக்குப் பார்சல் எங்கே வரும்? வண்டியை நிறுத்தித் தங்கியிருக்கும் முகாமின் அலுவலகத்தில் வாங்கி வைப்பார்களா என்று ஆர்டர் செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

உத்தரவாதப் பத்திரத்தையும் நிதானமாக வாசியுங்கள். வண்டியில் நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காப்பீட்டிலும் முழுநேரக் குடியிருப்புக்கென்று தனி வகை உண்டு. வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாள்களுக்குத் தங்கும் செலவு அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை இல்லாத வாழ்க்கை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாடகை மாதிரியே மாதாமாதம் ஒரு தொகையைப் பழுதுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

ஒர்க் ஷாப்புக்குப் போகத்தான் வேண்டும் என்றால், போன் செய்யும்போதே இதில்தான் குடியிருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி அவர்கள் வளாகத்திலேயே வண்டிக்குள் படுத்துக்கொள்ளலாமா, பாகம் வரும்வரை வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கும் இடத்துக்கே வந்து பார்க்கும் மெக்கானிக்குகளும் உண்டு. வீட்டுப் பகுதியின் பழுதுகளுக்கு அவர்களே மேல். ஆனாலும் ஒரு பையில் இரண்டு மூன்று நாளுக்கான துணி, மருந்து, சான்றிதழ்கள், சார்ஜர் எல்லாம் தயாராக இருக்கட்டும். செல்லப்பிராணி இருந்தால் அதற்கும் இடம் யோசித்து வையுங்கள்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்த அன்றே நெடுந்தூரம் கிளம்பிவிடாதீர்கள். ஒர்க் ஷாப்புக்குப் பக்கத்திலேயே ஒரு ராத்திரி தங்கி, ஹீட்டர், பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 80 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, நட்டுகளின் இறுக்கத்தை, அதை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

நன்றி, வணக்கம்.