வரைந்தவர் எங்கே நின்றார்? காட்டுயிர் ஓவியங்களைப் பார்க்க ஒரு வழி

[திரையில்: ஷோவே குகையின் சிங்கங்கள்]

இந்தச் சிங்கங்களை வரைந்து ஏறக்குறைய 36,000 ஆண்டுகள் ஆகின்றன. தெற்கு பிரான்ஸில், ஷோவே குகையின் கடைசி அறைச் சுவரில் இருக்கின்றன. கழுத்தை முன்னால் நீட்டி, பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தி, காட்டெருமைக் கூட்டத்தை நோக்கிப் போகின்றன.

கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஆண் சிங்கம் என்பதை விதைப்பையோடு வரைந்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் பிடரிமயிர் இல்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் திரிந்த குகைச் சிங்கங்களின் எலும்புகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. எலும்பை வைத்து மயிரைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆண் குகைச் சிங்கத்துக்குப் பிடரி இருந்ததா என்று கேட்டால், ஆய்வாளர்கள் இன்றும் இந்த மாதிரிச் சுவர்களைத்தான் காட்டுகிறார்கள். வரைந்தவர் அவற்றை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார். பார்க்காமல் இருந்தால் உயிர் தப்பியிருக்க மாட்டார்.

நூற்றுக்கணக்கான விலங்குகள் உள்ள அந்தக் குகையில் முழு மனித உருவம் ஒன்றுகூட இல்லை. காட்டுயிர் ஓவியங்கள் பெரும்பாலும் அப்படித்தான், மனிதர் படத்துக்குள் வரமாட்டார். இருந்தாலும் அவர் எங்கேயோ நின்றுதானே வரைந்திருக்கிறார்? எங்கே நின்றார்? அவருக்கு எதிரே அந்த உயிர் எப்படி இருந்தது: சுதந்திரமாகவா, கூண்டிலா, செத்துப்போயா? இந்தக் கேள்விகளோடு பார்த்தால், ஒவ்வொரு படமும் மனிதருக்கும் இயற்கைக்கும் இருந்த உறவைத் தானாகவே சொல்லிவிடும்.

[திரையில்: டியூரரின் காண்டாமிருகம், 1515]

சில சமயம் வரைந்தவர் அங்கே நிற்கவே இல்லை. 1515 மே மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு காண்டாமிருகம் வந்து இறங்கியது. குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த பரிசு. ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்த்ததே இல்லை. அவர் கைக்கு வந்தது ஒரு வர்ணனையும் ஒரு கோட்டுப்படமும்தான். அதை வைத்து இந்த மரச்செதுக்குப் படத்தைச் செய்தார். தோல் இரும்புக் கவசம் போல இருக்கிறது. தோளுக்கு மேலே இல்லாத ஒரு குட்டிக் கொம்பும் முளைத்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் இதுதான். நிஜ விலங்கை அடுத்து போப்பாண்டவருக்குப் பரிசாகக் கப்பலில் ஏற்றினார்கள். இத்தாலிக் கரையோரம் கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் அதனால் நீந்தித் தப்ப முடியவில்லை. உலகமே வியந்து பார்த்த ஒரு படத்துக்கும் அந்தச் சங்கிலிக்கும் இடையே இருக்கும் தூரம் எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோ பறவையின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். ஐரோப்பிய ஓவியங்களில் அது பெரும்பாலும் நடக்கவே முடியாத குண்டுப் பறவை. ஜஹாங்கீர் அரசவை ஓவியரான உஸ்தாத் மன்சூர் 1625 வாக்கில் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ அவ்வளவு பெருத்தது இல்லை. உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தது என்பதால் ஆய்வாளர்கள் இதற்குத் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள். அதுவும் பிடித்துக் கொண்டுவரப்பட்ட பறவைதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இனமே அழிந்துவிட்டது.

[திரையில்: மேரியனின் சுரினாம் படங்கள்]

அப்புறம் மரியா சிபில்லா மேரியன். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர். 1699-இல், தன் 52-ஆவது வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பல் ஏறினார். பூச்சிகளைப் பார்க்க!

அந்தக் காலத்தில் பூச்சி என்றால் பெட்டிக்குள் ஊசி குத்தி வைத்த காய்ந்த உடல். வரைபவர்களும் அதைத்தான் வரைவார்கள், வெள்ளைத் தாளில் தனியாக. மேரியன் சின்ன வயதிலிருந்தே புழுக்களை வளர்த்துப் பார்த்தவர். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும், எப்போது கூடு கட்டும், எதுவாக வெளியே வரும் என்று காத்திருந்து பார்ப்பார். 1705-இல் வந்த அவருடைய சுரினாம் புத்தகத்தில் ஒரே தாளில் செடி, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி எல்லாம் சேர்ந்திருக்கும். இலைகளைப் பாருங்கள்: கடித்த ஓட்டைகள், அரித்த ஓரங்கள். அழகான இலையாக வரைந்திருக்கலாமே? தின்ற இடத்தை வரைந்தால்தான் அந்தச் செடிக்கும் புழுவுக்கும் உள்ள உறவு தெரியும்.

அவருக்குச் செடிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும், அவற்றின் பயனைச் சொன்னவர்களும் அங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களும் பழங்குடி மக்களும். மயில்கொன்றை படத்துக்கான குறிப்பில் அவர் ஒன்று எழுதியிருக்கிறார்: தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்று அடிமைப் பெண்கள் இதன் விதையைத் தின்று கருவைக் கலைக்கிறார்கள், அவர்களே என்னிடம் சொன்னார்கள். ஒரு பூவும் ஒரு புழுவும் இருக்கும் பக்கம் இது. அந்த இயற்கைக்குள் வாழ்ந்த மனிதர்களின் நிலைமையையும் அவர் விட்டுவிடவில்லை.

[திரையில்: ஆடுபனின் கரோலினா கிளிகள்]

ஜான் ஜேம்ஸ் ஆடுபன் நின்ற இடம் துப்பாக்கிக்குப் பின்னால். வட அமெரிக்கப் பறவைகளை நிஜ அளவிலேயே வரைய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1827 முதல் 1838 வரை 435 படங்கள் வெளிவந்தன. தாள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். பூநாரை அதிலும் அடங்காது. அதனால்தான் அது குனிந்து நிற்கிறது. பறவையைச் சுட்டு, உடலுக்குள் கம்பி செருகி, பறப்பது போலவோ இரை தேடுவது போலவோ நிறுத்தி வைத்து வரைவார். இறகில் இருக்கும் உயிர்த்துடிப்பு முழுக்கச் செத்த உடலிலிருந்து எடுத்தது.

இதைக் கேட்டதும் அவரை ஒதுக்கிவிடத் தோன்றும். தொலைநோக்கிக் கேமரா இல்லாத காலம், பறவையை ஆராய்ந்தவர்கள் எல்லாரும் சுட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் இந்தக் கிளிகளைப் பார்க்கும்போது அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. முள்காய்ச் செடியில் ஏழு கிளிகள், மஞ்சள் தலை, பச்சை உடல், எல்லாத் திசையிலும் திரும்பிச் சலசலத்துக்கொண்டு. கூண்டில் இருந்த கடைசிக் கரோலினா கிளி 1918-இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. வானத்தை மறைத்துப் பறந்ததாக ஆடுபனே எழுதிய பயணிப் புறாக்களில் கடைசியும் அதே பூங்காவில்தான் செத்தது, 1914-இல். இன்று அந்தக் கிளிக்கூட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க நாம் போகும் இடங்களில் ஒன்று, சுட்டவர் வரைந்த இந்தப் படம்.

[திரையில்: லேண்ட்சீரின் கலைமான், 1851]

மனிதர் இல்லாத இயற்கையைக் காட்டும் படங்களிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எட்வின் லேண்ட்சீரின் இந்தக் கலைமான் ஸ்காட்லாந்து மலையில் ராஜா மாதிரி நிற்கிறது. ஆள் அரவமே இல்லை. ஆனால் அந்த மலைப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஆட்டு மந்தைகளுக்காகவும், பிறகு பணக்காரர்களின் மான் வேட்டைக்காகவும் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். ‘தீண்டப்படாத காடு’ என்று ரசிக்கும் படங்கள் பலவற்றில் யாரோ வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். காட்டைக் காப்பதென்றால் மனிதரை அப்புறப்படுத்துவது என்ற எண்ணம் நம் மனதில் ஊறியதில் இந்த மாதிரிப் படங்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

[திரையில்: பெவிக் அன்னங்களின் அலகுகள்]

கடைசியாக, துப்பாக்கியைக் கீழே வைத்த ஒருவர். பீட்டர் ஸ்காட் இளம் வயதில் வாத்து வேட்டைக்காரர், பறக்கும் வாத்துகளை வரைந்து பேரெடுத்தவர். பிறகு வேட்டையை விட்டார். 1946-இல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1961-இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கியபோது அதன் பாண்டா சின்னத்தை வரைந்தவரும் அவரே.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது வேறொன்றை. ஆர்க்டிக் ரஷ்யாவிலிருந்து பெவிக் அன்னங்கள் குளிர்காலத்தில் அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருந்த குளத்துக்கு வரும். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பறவைகள். 1964-இல், வரைந்து வரைந்து பழகிய கண்ணுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: அலகில் மஞ்சளும் கறுப்பும் சேரும் விதம் ஒவ்வொரு பறவைக்கும் தனி. ஒவ்வொன்றின் முகத்தையும் வரைந்தார், பெயர் வைத்தார். அடுத்த குளிர்காலத்தில் யார் திரும்பி வந்தார், யார் வரவில்லை, யாருக்கு யார் துணை, எந்தக் குஞ்சு யாருடையது என்று எழுதிவைக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளோடு அந்தப் பதிவு இன்றும் தொடர்கிறது.

அந்த அன்னங்களைச் சுடுவதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. அப்படியும், பிடித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பல பறவைகளின் உடலுக்குள் ஈயக் குண்டுகள் இருந்தன. வாத்து என்று நினைத்துச் சுட்டார்களோ, தெரிந்தே சுட்டார்களோ, ஸ்லிம்பிரிட்ஜ் பதிவில் அந்தப் பறவைகளுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது. குண்டு பட்டது யார் என்பதையும் அதனால் எழுதிவைக்க முடிந்தது.