பீட்டில்ஸ்: ஒலிநாடாவில் தங்கிவிட்ட அறை

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்து வந்த பீட்டில்ஸ் குழுவின் நான்கு இளைஞர்கள், ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய முதல் சிறு இசைத்தட்டு 1962 அக்டோபரில் வெளிவந்தது. 1970 ஏப்ரலில் குழு உடைந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது. இடையில் இருந்தது ஏழரை ஆண்டுதான். ஆனால் அந்த ஏழரை ஆண்டில் பதிவான இருநூற்றுச் சொச்சம் பாட்டுகளை இன்றும் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அவர்களில் பலர், குழு பிரிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள். இளமைக்கால நினைவுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1995இல் பிறந்த ஒருவருக்கு 1965ஐப் பற்றி என்ன நினைவு இருக்க முடியும்? ஆகவே அந்த விடை பாதிப் பேருக்குக்கூடப் பொருந்தாது.

விடை அந்தப் பதிவுகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. ஒரு அறையில் சிலர் கூடி உழைத்தார்கள். அந்த உழைப்பின் தடம் பாட்டில் அழியாமல் கேட்கிறது. நூறாவது முறை கேட்கும்போதும் முன்பு கவனிக்காத ஒரு கைவேலை காதில் விழுகிறது. அந்தக் கைவேலைகளில் சிலவற்றை இன்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

1963 பிப்ரவரி 11ஆம் தேதியில் தொடங்கலாம். லண்டன் அபே சாலை, ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவின் இரண்டாம் எண் கூடம். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். முதல் நெடுந்தட்டுக்குப் பதினான்கு பாட்டு வேண்டும். நான்கு ஏற்கெனவே கைவசம். மீதிப் பத்தையும் அந்த ஒரே நாளில் முடித்தார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து இரவு பத்தே முக்கால் வரை. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது இவர்கள் பாலைக் குடித்துவிட்டு ஒத்திகை பார்த்தார்கள்.

ஒரே நாளில் பத்துப் பாட்டு எப்படி முடிந்தது? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து கிளப்புகளில் 1960 முதல் 1962 வரை பல மாதங்கள் வாசித்தவர்கள் இவர்கள். இரவுக்கு ஐந்தாறு மணி நேரம், சில நாள் எட்டு மணி நேரம். ஒருவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பது மற்றவருக்குத் தெரியும். ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்து வாசிக்கப் பழகவேண்டிய தேவையே இல்லை.

அன்றைய கடைசிப் பாட்டு 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. லெனனுக்கு நாள் முழுக்க ஜலதோஷம். பன்னிரண்டு மணி நேரம் பாடி ஓய்ந்த தொண்டை. இந்தப் பாட்டைப் பாடினால் தொண்டை போய்விடும் என்று தெரிந்துதான் கடைசிக்கு வைத்திருந்தார்கள். முதல் முறை பாடியதே இசைத்தட்டில் ஏறியது. இரண்டாம் முறை முயன்றபோது குரல் எழும்பவில்லை. இன்று நாம் கேட்கும் அந்தக் கிழிந்த குரல் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் அதைச் சீர்செய்ய வழியிருந்தால்கூடச் செய்திருக்கக் கூடாது. அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இங்கே டேப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது தெரியாமல் பீட்டில்ஸின் அருமை முழுசாகப் புரியாது. அன்று அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே டிராக், அதாவது டேப்பில் தனித்தனியாக ஒலி பதியும் இரண்டு தடம். வாத்தியமெல்லாம் ஒன்றில், குரலெல்லாம் மற்றதில். 1963 அக்டோபரில் நான்கு டிராக் இயந்திரம் வந்தது. 1968 வரை, ஏறத்தாழ எல்லாப் பெரிய வேலையும் அந்த நான்கிலேயே நடந்தது. நான்கும் நிரம்பிவிட்டால்? நிரம்பியதை எல்லாம் கலந்து இன்னொரு இயந்திரத்தில் ஒன்றாகவோ இரண்டாகவோ இறக்க வேண்டும். அப்போது மீண்டும் இரண்டு மூன்று டிராக் காலியாகும். ஆனால் அப்படி இறக்கிய பிறகு டிரம்ஸ் சத்தம் குறைவாக இருக்கிறது என்று தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது. கிதாரோடு சேர்ந்து ஒட்டிவிட்டது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப்பின் இரைச்சல் ஒரு படி ஏறும், ஒலியின் கூர்மை ஒரு படி மழுங்கும். முதலில் பதிந்தது அடியில் அமுங்கிப்போகும்.

ஆகவே பாட்டு எப்படி முடியும் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். இன்று கணினியில் நூறு டிராக் வைத்துக்கொண்டு, எந்தக் கிதார் வேண்டும் என்பதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடலாம். அன்று முடியாது. பீட்டில்ஸ் பாட்டில் தேவையில்லாத வாத்தியம் அரிதாகவே கேட்பதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கியமான காரணம். 1966இன் 'ரிவால்வர்' நெடுந்தட்டில் 'டாக்ஸ்மேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக் கிதார், சாதாரணக் கிதார் மூன்றும் ஒரே டிராக்கில். 2022இல் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் அந்தத் தட்டின் டிராக்குகளைக் கலந்து புதிதாக மிக்ஸ் செய்தபோது, ஒலிகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்த பிறகுதான் அந்த மூன்றையும் தனித்தனியாக்க முடிந்தது. ஐம்பத்தாறு ஆண்டு அவை ஒட்டியே கிடந்தன. ஒரு குறையும் தெரியவில்லை. ஒட்டுவதற்கு முன்பே அளவு சரியாக இருந்தது.

அந்த 'ரிவால்வர்' தட்டில் ஒலிப்பதிவாளராகப் பொறுப்பேற்ற ஜெஃப் எமெரிக்குக்கு வயது இருபது. டிரம்ஸுக்கு மைக்கை இத்தனை அடி தள்ளித்தான் வைக்க வேண்டும் என்பது ஸ்டூடியோவின் விதி. அவர் மைக்கைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். விரவி ஒலித்த சத்தம் 'தும்' என்று நெஞ்சில் இடிக்கும் சத்தமாயிற்று. பிந்திய வருடங்களில் ரிங்கோ டிரம்ஸ்மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போர்த்தி வாசித்ததும் இந்த வழியில்தான். ரிங்கோ இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில் உட்கார்ந்து வாசித்தவர். அதனால் இடையில் வரும் உருட்டல்கள் மற்றவர்கள் தொடங்கும் கையில் தொடங்குவதில்லை. அவர் வாசிப்பைப் பிரதி எடுக்கப் பார்க்கும் டிரம்மர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எளிமையாகத்தான் கேட்கும். உட்கார்ந்து வாசித்துப் பார்த்தால் கை பின்னிக்கொள்ளும்.

பேஸ் கிதாரின் கதை வேறு. தாழ்ந்த ஒலி அதிகமானால் இசைத்தட்டில் ஊசி துள்ளிவிடும் என்ற பயம் தட்டு வெட்டுபவர்களுக்கு இருந்தது. 1966இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவில் ஒரு ஒலிபெருக்கியையே மைக்காக மாற்றி பேஸுக்கு முன்னால் வைத்தார்கள். அதற்குப் பிறகு மெக்கார்ட்னியின் பேஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல், அடியில் ஒரு தனி மெட்டாகவே ஓடத் தொடங்கியது.

இனி ஒரு பாட்டை நெருங்கிப் பார்ப்போம்: 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. 1966 நவம்பரில் மெல்லிய, அடங்கிய ஒரு வடிவத்தைப் பதிந்தார்கள். லெனனுக்கு நிறைவில்லை. டிசம்பரில் ட்ரம்பெட் நான்கு, செல்லோ மூன்று வைத்து, வேகமும் ஆவேசமும் கூடிய இன்னொரு வடிவம். லெனன் கேட்டது இது: முதல் வடிவத்தின் தொடக்கமும் வேண்டும், இரண்டாவதன் முடிவும் வேண்டும், ஒட்டித் தாருங்கள். இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. சாதாரணமாக ஒட்டவே ஒட்டாது. ஆனால் டேப்பில் ஒரு குணம் உண்டு. ஓட்டத்தை மெதுவாக்கினால் தாள வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். வேகமாக்கினால் சேர்ந்தே ஏறும். இங்கே வேகமான வடிவம்தான் உயர்ந்த சுருதியிலும் இருந்தது. அதை மெதுவாக்கினால் இரண்டு வித்தியாசமும் ஒரே அசைவில் குறைந்துவிடும். மார்ட்டினும் எமெரிக்கும் அதைச் செய்து, டேப்பை வெட்டி ஒட்டினார்கள். ஒட்டு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வருகிறது. தெரியாதவர்களுக்கு அங்கே ஒட்டு இருப்பதே தெரியாது. தெரிந்த பிறகு கேட்டால், அந்த நொடியில் லெனனின் குரல் கனத்து, தூக்கத்தில் பேசுவதுபோல் ஆவதை உணர்வீர்கள். வேகம் குறைக்கப்பட்ட மனிதக் குரல் அப்படித்தான் இருக்கும். ஒரு சிக்கலைத் தீர்க்கச் செய்த காரியம் பாட்டுக்குக் கனவின் நிறத்தைக் கொடுத்துவிட்டது.

தாளத்துக்கு வருவோம், நம் காதுகளுக்குப் பழகிய இடம் இது. 'எஸ்டர்டே' எளிய பாட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மேல்நாட்டு மெட்டுகளில் ஒரு சுற்று பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு பாரில் (தாளச் சுற்றில்) முடியும். இது ஏழு பாரில் முடிகிறது. எட்டாவது வருமென்று எதிர்பார்க்கும்போது அடுத்த வரி தொடங்கிவிடுகிறது. அந்தச் சோகத்தில் நிலைகொள்ளாத ஒரு தவிப்பு கேட்கிறதே, அதன் ஊற்று இதுதான்.

ஹாரிசனின் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டில் இன்னும் கூடுதல் வேலை. நடுவில் சூரியனைத் திரும்பத் திரும்ப அழைக்கும் பகுதியில், அரை எண்ணிக்கைகளாக 11, 8, 7 என்று கணக்கு மாறிக்கொண்டே போகிறது. எட்டு எட்டாகத் தட்டினால் கை தவறும். அந்தப் பதினொன்றை, 'தகிட தகிட தகிட தக' என்று சொல்லிக்கொண்டு தட்டிப் பாருங்கள், சரியாக உட்காரும். கிதார் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏழாம் கட்டையில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, டி கார்டின் (பல சுவரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டின்) விரல் அமைப்பில் வாசித்தால்தான் அந்தப் பாட்டின் பளபளப்பு வரும். கேப்போ இல்லாமல் கீழ்க்கட்டைகளில் ஏ கார்டு பிடித்தால் சுருதி சரியாக இருக்கும், ஒலி தடித்துப்போகும். பலரும் செய்யும் தவறு இது.

'நார்வேஜியன் வுட்' 1965 அக்டோபரில் பதிவானது. சித்தார் அதில் வருகிறது. ஹாரிசன் அப்போது ரவிசங்கரிடம் பயிலத் தொடங்கியிருக்கவில்லை. கிதார்க்காரர் மெட்டைப் பின்தொடர்வதுபோலத்தான் சித்தாரை மீட்டுகிறார். கர்நாடக இசை கேட்பவர்கள் இந்தப் பாட்டின் முதல் பகுதியில் ஹரிகாம்போதியின் சுவரங்களை அடையாளம் காணலாம். நடுப்பகுதியில் கார்டு மேஜரிலிருந்து மைனருக்கு மாறுகிறது. அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகி, சட்டென்று கரகரப்பிரியாவின் நிழல் விழுகிறது. இதை ராகம் என்று சொல்லிவிட முடியாது. கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை. ஆனால் ஒரே ஒரு சுவரத்தை அசைத்துப் பாட்டின் முகத்தை மாற்றுவது நமக்குப் பழகிய வித்தை. பழகியவர்களுக்கு அந்த இடம் கூடுதலாக இனிக்கும்.

'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டின் முதல் அடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரே ஒரு கார்டு. மணி அடித்ததுபோல் பாட்டு திறக்கும். அதை வீட்டில் கிதாரில் வாசித்துப் பார்க்காத ரசிகர் குறைவு. வராது. ஹாரிசன் பன்னிரண்டு தந்திக் கிதாரில் எஃப் கார்டு பிடித்து மேலே ஜி சேர்த்திருக்கிறார். மெக்கார்ட்னியின் பேஸ் கீழே டி தொடுகிறது. லெனனின் கிதாரும் மார்ட்டினின் பியானோவும் அதில் கலந்திருக்கின்றன. ஒருவர் கையில் அடங்காத கார்டு அது. வராததற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை; மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து முயன்று பாருங்கள்.

கடைசியாக, கேட்கும் முறை. இன்று பலருக்கு இந்தப் பாட்டுகள் முதலில் கிடைப்பது ஒரு காதில் மட்டும் மாட்டிய இயர்போனில். அங்கேதான் கோளாறு. முதல் இரண்டு நெடுந்தட்டுகளின் ஸ்டீரியோ வடிவத்தில் வாத்தியம் இடப்பக்கம், குரல் வலப்பக்கம். ஸ்டீரியோவுக்கென்று பதிந்ததல்ல, பிறகு ஒன்றாகக் கலக்க வசதியாக இருக்கட்டும் என்று பிரித்து வைத்த இரண்டு டிராக்கையும் அப்படியே இரண்டு பக்கமும் போட்டார்கள். இடது காதில் மட்டும் கேட்டால் பாடகரே இல்லாத பாட்டு கிடைக்கும். ஆகவே இரண்டு காதிலும் கேளுங்கள். முடிந்தால், எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும் மோனோ வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள். 1968 வரை குழுவினர் கூடவே உட்கார்ந்து அக்கறையாகப் பார்த்தது மோனோ மிக்ஸிங்கைத்தான். 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டின் மோனோவுக்கு மூன்று வாரம் செலவானது, ஸ்டீரியோவுக்குச் சில நாள். அந்தத் தட்டின் 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் சற்று உயர்ந்த சுருதியிலும் ஓடுகிறது. இரண்டில் எது உங்கள் பாட்டு என்று நீங்களே முடிவு செய்யலாம். என் கட்சி மோனோ.

ஆனால் அந்தக் கோளாறான ஸ்டீரியோவுக்கும் ஒரு பயன் உண்டு. இன்று அதைக் காட்டத்தான் இந்த இரண்டு ஒலிபெருக்கிகளையும் மேடையில் இத்தனை தள்ளி வைத்திருக்கிறோம். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் இடப்பக்கம் மட்டும். இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ். பின்னால் எங்கோ தொலைவில் யாரோ கத்துவது மெல்லக் கசிகிறது, கவனியுங்கள். அடுத்து அதை நிறுத்திவிட்டு வலப்பக்கம் மட்டும் திறப்போம். குரல்கள் முன்னால் வரும். இப்போது டிரம்ஸ்தான் அறையின் மறுமூலையிலிருந்து கசியும். நடுவில் சுவர் எதுவும் எழுப்பவில்லை. எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் நின்று வாசித்தார்கள். இரவு பத்தரை மணி. பாடுபவருக்குத் தொண்டை போய்க்கொண்டிருக்கிறது.

விளக்கைக் கொஞ்சம் குறையுங்கள். இடப்பக்கத்திலிருந்து தொடங்கலாம்.