அஃபிஷியேட் என்றால் தலைமை தாங்குவதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கல்யாணச் செய்தி, அதில் 'அஃபிஷியேட்டட் அட் தி வெட்டிங்' என்று இருந்தது. அகராதியில் பார்த்தால் தலைமை தாங்கு என்று போட்டிருக்கிறது. ஆனால் கிரிக்கெட்டிலும் அம்பயருக்கு அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அம்பயர் எதற்குங்க தலைமை தாங்குகிறார்?"

எதற்கும் இல்லை. அகராதி தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் இடிக்கும். இந்தச் சொல்லும் ஆஃபீஸ் என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, அந்த வேருக்குக் கடமை, பணி என்று பொருள். ஒரு சடங்கோ போட்டியோ முறைப்படி நடக்க வேண்டுமென்றால் அதற்குரிய பொறுப்பில் ஒருவர் நின்று செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் இல்லையா, அந்த வேலைதான் அஃபிஷியேட்.

இதற்குப் பொருத்தமான வினை நம் வாயிலேயே இருக்கிறது: நடத்தி வை. "அப்பா கல்யாணத்தை நடத்தினார்" என்றால் செலவு செய்தவர், ஓடியாடியவர் அப்பா. "புரோகிதர் கல்யாணத்தை நடத்தி வைத்தார்" என்றால் அவர் சடங்கைச் செய்து கொடுத்தவர், கல்யாணம் அவர் வீட்டுக் கல்யாணம் அல்ல. அந்த 'வை' வந்து உட்கார்ந்ததும் அர்த்தம் எப்படி மாறுகிறது பாருங்கள். (அப்பாவுக்கும் "கல்யாணம் பண்ணி வைத்தார்" என்போம், ஆனால் அது பிள்ளைக்கு ஒரு வாழ்க்கையை அமைத்துக் கொடுத்த கணக்கு, சடங்குக் கணக்கு இல்லை.) பாதிரியார் செய்தாலும் சரி, காஜியார் செய்தாலும் சரி, இதே வினை பொருந்தும்.

தலைமை தாங்கு என்பதற்கு நேரான சொல் ப்ரிசைட், பின்னால் பெரும்பாலும் 'ஓவர்' சேர்த்துச் சொல்வார்கள். கூட்டத்துக்குத் தலைவர் ப்ரிசைட் செய்கிறார். அப்போ 'முன்னிலை' என்று அழைப்பிதழில் போடுகிறோமே, அதற்கு? ஆங்கிலத்தில் நேர்ச் சொல் கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு, அது நம்முடைய சுயமரியாதைத் திருமணம். "தலைவர் தலைமை தாங்கி நடத்தி வைத்தார்" என்று செய்தியில் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். ஆனால் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7ஏ பிரிவைப் பார்த்தால் புரோகிதரே தேவையில்லை, உறவினர், நண்பர்கள் முன்னால் மணமக்களே ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். திருமணத்தைச் செய்துகொள்பவர்கள் அவர்களேதான் என்பதால், வந்திருக்கும் தலைவருக்கு ப்ரிசைட் என்றே எழுதுவேன், அதுதான் நியாயம்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். எஸ். வெங்கட்ராகவன் ஆடிய டெஸ்ட் 57, அம்பயராக நின்ற டெஸ்ட் 73. ஆடியதற்கு 'ப்ளேடு', நின்றதற்கு 'அஃபிஷியேட்டட்'. இங்கே தமிழில் 'நடத்தி வைத்தார்' என்றால் சிரிப்பார்கள், 'நடுவராக இருந்தார்' என்பதுதான் சரி. கால்பந்து ரெஃப்ரிக்கும் அதேதான்.

மூன்றாவதாக ஒரு பொருள், அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பதவிக்கு உரியவர் வேறிடத்தில் இருக்க, இன்னொருவர் அந்த வேலையைப் பார்த்தால் அவர் 'அஃபிஷியேட்டிங்'. பணி விதிகளிலேயே இதற்குத் தனி விளக்கம் இருக்கிறது. நம் பத்திரிகைகளில் 'பொறுப்பு தலைமையாசிரியர்' என்று எழுதுவது ஏறக்குறைய இதைத்தான்.

அப்புறம் இலக்கணம். கல்யாணத்துக்கு 'அட்', பதவிக்கு 'ஆஸ்', ஆட்டத்துக்கு 'அட்', 'இன்' இரண்டும் வரும். 'அஃபிஷியேட் எ வெட்டிங்' என்று இடையில் ஒன்றும் போடாமலும் இப்போது நிறைய எழுதுகிறார்கள், குறிப்பாக அமெரிக்காவில். தப்பில்லை, ஆனால் தேர்வில் 'அட்' போட்டுவிடுங்கள், வம்பில்லை.

'அஃபிஷியஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை இதன் பெயரடை என்று நினைத்து அம்பயருக்குப் போட்டுவிடாதீர்கள். கேட்காமலே வந்து மூக்கை நுழைத்து அதிகாரம் பண்ணுகிற ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள்.