கமர்கட்டும் கடைவாய்ப் பல்லும்

[திரையில்: பள்ளி வாசல் பெட்டிக்கடை. ஜாடிகளில் கமர்கட்டு, தேன் மிட்டாய், ஜவ்வு மிட்டாய்.]

கமர்கட்டை எடுத்த எடுப்பில் கடிக்க முடியாது. பிள்ளைகள் அதைக் கன்னத்தோரம் ஒதுக்கிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்புவார்கள். வெல்லமும் தேங்காயும்தான், கெட்ட பொருள் எதுவும் அதில் இல்லை. ஆனால் அது ஒதுங்குகிற இடம் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே. கரைந்து முடிகிற வரைக்கும் அந்தப் பல் வெல்லப்பாகில் ஊறிக்கொண்டே இருக்கும்.

இதே அளவு வெல்லத்தைப் பாயசமாக்கி மதியச் சாப்பாட்டோடு கொடுத்தால் பல்லுக்கு வரும் கேடு மிகவும் குறைவு. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்துவிட்டால், ஸ்நாக்ஸ் டப்பாவில் எதை வைப்பது, எப்போது கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

[அனிமேஷன்: பல்லின் மேற்பரப்பு, நெருக்கத்தில்.]

பல் துலக்காமல் இருக்கும்போது பல்லின் அடியோரத்தை நகத்தால் சுரண்டினால் மாவு போல வெள்ளையாக ஒன்று வரும். அதுதான் பற்படலம். அதற்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம் ஊரில் சொல்கிற 'பல் பூச்சி' என்று தனியாக எதுவும் கிடையாது. இந்தக் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலத்தை அளக்கும் பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) வாயில் சாதாரணமாக 7-ஐ ஒட்டியிருக்கும். சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே படலத்துக்குள் அது 5.5-க்கும் கீழே இறங்கிவிடும். அந்த அளவுக்குக் கீழே போனதும் பல்லின் மேலுறையான எனாமலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும்.

அதைச் சரிசெய்வது எச்சில். அமிலத்தைக் கழுவி, தன்னிடமுள்ள கால்சியத்தைப் பல்லுக்குத் திரும்பக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். ராபர்ட் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940-களில், குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்து, பற்படலத்தின் அமிலத்தன்மை ஏறி இறங்குவதை அளந்து காட்டினார். பல் மருத்துவம் படிப்பவர்கள் அந்த வளைகோட்டை இன்றும் அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

எச்சில் தன் வேலையை முடிப்பதற்குள் இன்னொரு மிட்டாய் வாய்க்குள் போனால், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். பல்லைப் பொறுத்தவரை கணக்கு அதுதான்: வாய்க்குள் சர்க்கரை போன தடவைகள், அது அங்கே தங்கிய நேரம்.

[திரையில்: பழைய மருத்துவமனைக் கட்டடம், கறுப்பு வெள்ளைப் படம்.]

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு நடந்த விதம் வருத்தத்துக்குரியது. 1940-களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், விபெஹோல்ம் மருத்துவமனையில் இருந்த அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடம், அவர்கள் சம்மதம் இல்லாமலே அது நடத்தப்பட்டது. சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்குச் சாப்பாட்டுக்கு இடையே பல்லில் ஒட்டுகிற டாஃபி. சாப்பாட்டோடு சர்க்கரை சேர்த்துக்கொண்டவர்களிடம் சொத்தை அதிகம் கூடவில்லை. இடையிடையே டாஃபி தின்றவர்களிடம் அது மளமளவென்று ஏறியது. டாஃபியை நிறுத்தியதும் புதிய சொத்தை விழும் வேகம் குறைந்தது. இன்று அப்படியொரு ஆய்வை எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த நோயாளிகளின் பற்களைக் கெடுத்துக் கிடைத்த பாடம் என்பதை மறக்காமல்தான் அதைச் சொல்ல வேண்டும்.

[திரையில்: ஒரு நாளின் நேரக்கோடு. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சிவப்புப் பட்டை.]

ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரைக்குச் சர்க்கரை போட்ட பால். எட்டு மணிக்கு டிபன். பத்தே முக்கால் இன்டர்வெல்லில் க்ரீம் பிஸ்கட். மதியச் சாப்பாடு. பள்ளி விட்டு வரும் வழியில் மிட்டாய். வீட்டுக்கு வந்ததும் டீயும் பன்னும். டியூஷனில் ஒரு ஜூஸ் பாக்கெட். இரவுச் சாப்பாடு. படுக்கப் போகும்போது மறுபடி பால். ஆக 9 தடவை. தடவைக்கு அரை மணி என்று குறைத்தே வைத்தாலும் நாலரை மணி நேரம் பல் அமிலத்தில் இருக்கிறது. ஜூஸை டீயோடும், மிட்டாயை மதியச் சாப்பாட்டோடும் சேர்த்துவிட்டு, இரவுப் பாலைச் சர்க்கரை இல்லாமல் சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள். 9 என்பது 6 ஆகிவிடும். இரவுப் பாலின் சர்க்கரையைத் தவிர எதையும் பிடுங்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றினோம். சாப்பிடும்போது எச்சில் நன்றாகச் சுரப்பதால் கழுவுவதும் வேகமாக நடக்கும்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவாகத் தரும் உப்புமா, கிச்சடி, பொங்கலை இந்தக் கண்ணோடு பாருங்கள். காலையில் வயிறு நிறைந்த பிள்ளைக்கு இன்டர்வெல் மணி அடித்ததும் பெட்டிக்கடைக்கு ஓட வேண்டிய பசி இருக்காது.

[திரையில்: ஒரு பிஸ்கட்டைக் கடித்த பின், கடைவாய்ப் பல்லின் குழிகள், மிக நெருக்கத்தில்.]

இப்போது டப்பாவுக்குள் வருவோம். பெற்றோர்கள் அதிகம் ஏமாறுவது பிஸ்கட்டிலும் சிப்ஸிலும்தான். சிப்ஸ் இனிக்காது, அதனால் பாதகமில்லை என்று நினைக்கிறோம். பொடியாக அரைபட்ட மாவுச்சத்து கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி அதைச் சர்க்கரையாக உடைக்கும். மிட்டாயாவது கரைந்து போகும். இந்த அப்பல் நாக்கால் துழாவினாலும் போகாது.

அடுத்த ஏமாற்றம், "வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், நாங்கள் நாட்டுச் சர்க்கரைதான் போடுகிறோம்" என்பது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். பாக்டீரியாவுக்கு இவை எல்லாமே தீனி. கடலை மிட்டாய் சத்தானது, சந்தேகமில்லை. ஆனால் பாகு பல்லில் ஒட்டும் என்பதால் அதைச் சாப்பாடு முடிந்த கையோடு கொடுங்கள்.

இன்டர்வெல்லுக்கு அவித்த நிலக்கடலை, சுண்டல், அவித்த முட்டை, கொய்யாத் துண்டு, வெள்ளரி, கேரட். இவற்றில் கேரட்டும் கொய்யாவும் மென்று சாப்பிட வேண்டியவை, மெல்லும்போது எச்சில் ஊறும். பாட்டிலில் தண்ணீர் மட்டும். ஜூஸையோ குளுக்கோஸ் தண்ணீரையோ பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால், பிள்ளை இரண்டு மணி நேரம் வாய் வாயாகக் குடிக்கும். அந்த இரண்டு மணி நேரமும் எச்சிலுக்கு ஓய்வே கிடைக்காது.

அளவையும் அடியோடு மறக்க வேண்டாம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் உணவுச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில் அடக்கம். 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 40 கிராம், சுமார் 10 டீஸ்பூன். 300 மி.லி. கோலா பாட்டில் ஒன்றிலேயே சுமார் 30 கிராம் போய்விடும். பாலில் கலக்கும் பவுடர் டப்பாவின் பின்பக்கத்தில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். முன்பக்கத்தில் ஓடுகிற குழந்தையின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 40 பேர் இருக்கும் வகுப்பில் பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் என்றால் வருடத்தில் 40 நாள் போல ஆகிவிடுகிறது. பென்சில், ரப்பர் கொடுக்கச் சொல்லலாம். சாக்லேட்டே வந்தாலும், மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பிட வையுங்கள்.

[திரையில்: இரவு. கட்டிலில் தூங்கும் பிள்ளை.]

தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும். அதனால் ஒரு நாளில் மிக மோசமான இனிப்பு, பல் தேய்த்த பிறகு குடிக்கிற கடைசி டம்ளர் பால்தான். சிரப் வடிவ இருமல் மருந்துகள் பலவற்றிலும் சர்க்கரை உண்டு. மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பல் தேய்க்க வையுங்கள். பேஸ்ட் அட்டையில் ஃப்ளூரைடு 1000 பி.பி.எம். அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். 3 வயதிலிருந்து 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். இரண்டு நிமிடம் தேய்த்துத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளூரைடு வாஷ்பேசினில் போய்விடும். 7, 8 வயது வரை பிள்ளை தேய்த்த பிறகு பெரியவர் ஒருவர் பிரஷை வாங்கி ஒரு சுற்றுத் தேய்த்துவிட வேண்டும்.

"பால் பல்தானே, விழுந்துடும்" என்று விடுவதும் தப்பு. முன்பல் 6, 7 வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்கும். 5 வயதில் விழுந்த சொத்தையோடு அத்தனை வருடம் அந்தப் பிள்ளை மென்று சாப்பிட வேண்டும்.

[திரையில்: போன் டார்ச் வெளிச்சத்தில் திறந்த வாய்.]

மாதம் ஒரு முறை போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி, பல்லைத் துணியால் துடைத்துக் காய வையுங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால், அதுதான் சொத்தையின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் ஓட்டை விழவில்லை. இனிப்பு நேரத்தை மாற்றி, ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டால் பல் திரும்பவும் இறுக வாய்ப்புண்டு. பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது, பல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பிறகு பின்னால் பாருங்கள். 6 வயதை ஒட்டி, பால் பற்கள் வரிசைக்கும் பின்னால், நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் ஆறாவதாக, ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே இது வருவதால் பல வீடுகளில் இதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். இது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும், அதனால் சீக்கிரம் சொத்தையாகும். அந்தப் பள்ளங்களை 'சீலன்ட்' என்ற பூச்சால் அடைத்துவிடலாம், துளை போட வேண்டியதில்லை, ஊசியும் வேண்டாம். முளைத்துக்கொண்டிருக்கும் மாதங்களில் பல் பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து இருப்பதால், முன்னும் பின்னும் இழுக்கிற பிரஷ் அதைத் தொடாமலே போய்விடும். அது பக்கத்துப் பற்களின் மட்டத்துக்கு வரும் வரை பிரஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக உள்ளே விட்டு, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகப் பத்துத் தடவை தேய்த்துவிடுங்கள்.